கழன்றிருக்க வேண்டிய கம்பம்

பிள்ளைகள், அந்த ஆட்டக்காரனின் முழங்கால் முறிந்தது என்னால்தான். பழியைச் சுமந்தவர் வேறொருவர்.

இத்தாலியின் வடக்கே பனி மைதானத்தில் வேலை செய்த கதையை உங்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "ஏனப்பா விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டபோதெல்லாம், "குளிர் தாங்கேலாமல் போச்சு" என்றேன். அது பொய்.

எங்கள் ஐஸ் ஹாக்கி அணி கிண்ணம் வென்றதற்கு அடுத்த பருவம் அது. வென்றவனை விழுத்தத்தானே எல்லோரும் வருவார்கள்... தொடர்ந்து தோற்றோம். கோல் கம்பத்தைப் பனித்தரையில் ரப்பர் முளைகளால் நிறுத்துவோம். ஆள் மோதினால் அது கழன்று விலக வேண்டும். முளைகள் தேய்ந்திருந்ததால் சும்மா தட்டுப்பட்டாலும் கழன்றது. ஆட்டம் நிற்கும். பயிற்சியாளர் எங்களைத்தான் ஏசுவார்.

கலியாணப் பந்தலுக்குக் கால் நட்டுப் பழகியவன் நான். ஆடாத கால்தான் நல்ல கால் என்று நினைத்தேன். ஒருவரிடமும் கேட்காமல், ரப்பரை எடுத்துவிட்டு இரும்புத் துண்டுகளை இறக்கினேன். எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா?

அன்று எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் வேகமாக வந்து மோதினான். கம்பம் அசையவில்லை.

"கம்பம் பூட்டினது ஆர்?" என்று முதலாளி கேட்டார்.

அன்று கம்பம் பூட்டுவது என்னோடு வேலை செய்த பீனோவின் முறை; பிறகு நான் மாற்றியது அவருக்குத் தெரியாது. சிசிலியில் பகேரியா ஊர்க்காரர், எனக்கு இத்தாலிய மொழி பழக்கியவர். "நான் ரப்பர்தான் வைச்சனான்" என்றார். ஒருவரும் நம்பவில்லை. என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கிடந்தது. வேலை போனால் அந்த வதிவிட அனுமதியும் போகும், பிறகு உங்களை எப்படிக் கூப்பிடுவது? வாயைத் திறக்காமல் நின்றேன். பீனோவை வேலையால் நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பருவம் முடிய, உங்கள் சித்தப்பா பலேர்மோவில் வேலை எடுத்துத் தந்தார். பீனோ திரும்பிப் போயிருந்த ஊர் பக்கத்தில்தான் என்று தெரிந்தும் இத்தனை வருடம் போகவில்லை...

போன ஞாயிறு ரயிலேறிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிந்ததும் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. பீனோ கோப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"என்ரை மனிசிகூட என்னை நம்பேல்லை" என்றார். பிறகு கேட்டார்: "அந்த ஆட்டக்காரனுக்குச் சொன்னனியோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப என்னட்டை வந்து இறக்கி வைச்சிட்டுப் போறாய், என்ன?"

திரும்பி வரும்போது ரயிலில் நித்திரையாகிப் போனேன். பல வருடங்களுக்குப் பிறகு நல்ல நித்திரை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது...