இரும்புலியூர் ஸ்டாப்புக்காக ஒரு பில்லியர்ட்ஸ் ஆட்டம்

என் பழைய கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. அதன் தலைப்பு: "பில்லியர்ட்ஸ் மேசையில் குறி வைத்தலும் மூச்சு விடுதலும் – பணி விளக்கம், திருத்தம் 0." வெளியிட்ட நாள் ஜூலை மாதத்து இரண்டாவது செவ்வாய். தயாரித்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் ஸ்டெல்லாவின் கையெழுத்து. குறுக்கே சிவப்பு மையில் 'காலாவதி' என்ற முத்திரை. வலது கீழ் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு பெருவிரல் தடம்.

வருடத்தை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளவு தவறிய பொருளைக் கண்டால் அதற்கு ஒரு குறைபாட்டு அறிக்கை எழுத வேண்டும். அதை என்.சி. என்போம். என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் என்.சி. எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்றை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தது உண்டு. அதைப் பற்றியது இந்தக் குறிப்பு. புதிதாக இத்துறைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படலாம்.

1. மூன்று நிமிடம்

முதல் ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் தாம்பரத்தில் புறப்பட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே வரும். அடுத்த ஸ்டாப் இரும்புலியூர். அங்கே ஆறு பேர் ஏறுவார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அளவீட்டு லேபில் வேலை செய்யும் ஸ்டெல்லா. மே மாதம் அட்மின் மேனேஜர் தேவநாதன் 'வழித்தடச் சீரமைப்பு' என்று ஒரு சுற்றறிக்கை விட்டு அந்த ஸ்டாப்பை எடுத்துவிட்டார்.

விளைவு இதுதான். ஸ்டெல்லா தன் தெருமுனையிலிருந்து வடக்கே தாம்பரம் வரை இருட்டில் நடந்து பஸ் ஏறுவார். அதே பஸ் அவரை ஏற்றிக்கொண்டு அதே தெருமுனையைத் தாண்டி தெற்கே வரும். வீட்டில் அவருடைய அப்பா படுத்த படுக்கை. அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் ஸ்டெல்லா கிளம்புவார். இப்போது தூங்குகிற மனிதரை விடியுமுன் எழுப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒருநாள், பில்லியர்ட்ஸ் மேசை இருக்கும் ரெக்ரியேஷன் ரூமில் வைத்து தேவநாதனிடம் நேரே கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மேடம், அந்த ஸ்டாப்பை எடுத்ததுல மூணு நிமிஷம் மிச்சம். டேட்டா இருக்கு" என்றார் தேவநாதன், ஸ்டிக் முனைக்கு சாக்கட்டி தேய்த்தபடி.

"அந்த மூணு நிமிஷத்துக்கு நான் இருபத்தஞ்சு நிமிஷம் நடக்கிறேன் சார். என்கிட்டயும் டேட்டா இருக்கு."

"நடந்தா உடம்புக்கு நல்லது."

"அப்போ பஸ் எதுக்கு சார்? எல்லாருமே மறைமலை நகருக்கு நடந்துடலாமே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தேவநாதனுக்கு முகம் சுருங்கியது. பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு கிளப்பில் வாரந்தோறும் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர் அவர். சொந்த ஸ்டிக்கை நீளமான பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். கம்பெனியில் அவரை ஜெயித்தவர் கிடையாது.

"சரி மேடம். அடுத்த மாசம் டிபார்ட்மென்ட் டோர்னமென்ட் வருது. இந்த டேபிள்ல என்னை ஜெயிச்சுட்டு வாங்க, ஸ்டாப் தரேன்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் டீ கப்புடன் பிளான்ட் ஹெட் பின்னால் நின்றிருந்தார்.

"சூப்பர், தேவா! இதுதான் ஸ்போர்ட்டிங் ஸ்பிரிட். டன்!"

மாலைக்குள் எல்லோருக்கும் மெயில் வந்துவிட்டது. மேலிடத்தின் காதில் விழுந்தால் எங்கள் கம்பெனியில் கேலியும் கொள்கையாகிவிடும். அரசாங்கத்தில் ஒரு ஸ்டாப் வேண்டுமென்றால் மனு கொடுப்பார்கள், மறியல் செய்வார்கள். நாங்கள் பந்தைக் குழியில் தள்ள வேண்டியிருந்தது.

2. மேசைக்கு ஒரு என்.சி.

குவாலிட்டி பிரிவில் யாருக்கும் பில்லியர்ட்ஸ் ஆடத் தெரியாது. ஆனால் அளக்கத் தெரியும். எனவே முதலில் அளந்தோம்.

பந்தின் விட்டத்தை வெர்னியரில் பார்த்தோம். ஐம்பத்தேழு மில்லிமீட்டர் சொச்சம். மேசை மீது ஸ்பிரிட் லெவலை வைத்தபோது ஸ்டெல்லா உதட்டைக் கடித்தார்.

"சார், டேபிள் சாயுது. வாட்டர் கேன் வைக்கிற பக்கம் இறக்கமா இருக்கு."

பந்தை மெதுவாக உருட்டினோம். நேரே போன பந்து, கடைசி இரண்டு அடியில் தாகம் எடுத்ததுபோல் வாட்டர் கேன் பக்கம் திரும்பியது. வேகமாக அடித்தால் இது தெரியாது. மெதுவாக அடித்தால் அரைப் பந்து அகலம் விலகிவிடும்.

நான் அந்த இடத்திலேயே மெயின்டனன்ஸ் பிரிவுக்கு ஒரு என்.சி. எழுதி அனுப்பினேன். குறை கண்டால் எழுதுவது எங்கள் சுபாவம். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் கண்ணியப்பன் மறுநாளே லேபுக்கு வந்தார்.

"இன்னா சார், பில்லியர்ட்ஸ் டேபிளுக்கெல்லாம் என்.சி. போட்டுகினு கீறீங்க? அங்க லைன்ல மிஷினு ரெண்டு நின்னுகினு கீது. இதுல இது வேற பேஜாரு."

"முடியறப்ப பண்ணுங்க கண்ணியப்பன்."

"முடியறப்பதான் சார் பண்ணுவேன். எப்ப முடியும்னு மட்டும் கேக்காத."

பிறகுதான் ஸ்டெல்லா ஒன்றைக் கவனித்தார். தேவநாதன் பழகுவது கிளப்பின் சாய்வில்லாத மேசையில். இங்கே வந்தால் மெதுவான அடிகளில் தடுமாறுவார். சாய்வு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த என்.சி. கிடப்பில் கிடப்பதே நல்லது என்று முடிவு செய்தோம்.

குறி வைப்பதற்கு ஒரு புத்தகத்தில் படித்த வழியைப் பிடித்தேன். குழியில் தள்ள வேண்டிய பந்துக்குப் பின்னால், குழிக்கு நேர்கோட்டில், அதைத் தொட்டுக்கொண்டு இன்னொரு பந்து இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கால் அடிக்கும் வெள்ளைப் பந்து போய் அந்த இல்லாத பந்தின் இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு இல்லாததை நினைப்பது வரவில்லை. இன்க்ரிமென்ட் விஷயத்தில் நன்றாக வரும். எனவே கண்ணியப்பன், கீறல் தெளிவாகத் தெரிய உலோகத்தில் பூசும் மார்க்கிங் நீலம் பூசி, கோடு போட்டு, மெல்லிய தகட்டில் ஒரு டெம்ப்ளேட் வெட்டித் தந்தார். அதைப் பந்துக்குப் பின்னால் வைத்தால் வெள்ளைப் பந்து எங்கே வர வேண்டும் என்று ஓட்டை காட்டும். ஒரு வாரம் அதை வைத்து ஆடினோம். பிறகு எடுத்துவிட்டு ஆடினோம். ஓட்டை கண்ணிலேயே இருந்தது.

3. மூச்சு

மூச்சுக்கும் நான்தான் விதி எழுதினேன். நான்கு எண்ணி இழு, ஏழு எண்ணி அடக்கு, எட்டு எண்ணி விடு. அதை மேசையில் செய்து காட்டியபோது ஏழில் எனக்குக் கண் இருட்டியது. ஸ்டிக்கைப் பிடித்தபடியே சாய்ந்தேன். கேன்டீன் பெஞ்சில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். சேஃப்டி பிரிவு அதற்கு ஒரு விபத்து அறிக்கை எழுதியது. காரணம் என்ற கட்டத்தில் 'மூச்சுப் பயிற்சி' என்று இருந்தது.

ஸ்டெல்லா ஞாயிறு தோறும் சர்ச் பாட்டுக்குழுவில் பாடுகிறவர்.

"அடக்கவே வேணாம் சார். சும்மா வெளிய விடுங்க. விட்ட மூச்சு முடிஞ்சு, அடுத்த மூச்சு தொடங்கறதுக்கு முன்னாடி தானா ஒரு சின்ன இடைவெளி வரும். பாட்டுல நாங்க அடுத்த வரியை அங்கதான் எடுப்போம். அந்த இடத்துல அடிங்க."

அப்படியே அடித்தோம். ஸ்டிக் முனை ஆடுவது நின்றது. நான் அதை ஒன்பது படிகளாக எழுதினேன். ஸ்டெல்லா இரண்டாகக் குறைத்தார். குறி, மூச்சு, கூடவே மெதுவான அடிக்குச் சாய்வுத் திருத்தம்: 'குழிக்கு நேரே அல்ல, வாட்டர் கேனுக்கு எதிர்ப்பக்கம் அரைப் பந்து தள்ளி.' எல்லாம் ஒரே தாளில் வந்தது.

இங்கே ஒரு தவறு செய்தோம். எங்களைத் தவிர யாரும் செய்யமாட்டார்கள். பணி விளக்கம் என்றால் அது வேலை நடக்கும் இடத்தில் எல்லோர் பார்வையிலும் இருக்க வேண்டும் என்பது விதி. எதிராளிக்குத் தெரியக் கூடாத ரகசியத்தை, கையெழுத்துப் போட்டு, எண் கொடுத்து, மேசைக்கு மேலேயே போர்டில் குத்திவைத்தோம்.

4. நினைவூட்டல்

ஸ்டெல்லா நான்கு சுற்றுகள் ஜெயித்து இறுதிக்கு வந்தார். எதிரே தேவநாதன். ஆட்டம் வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட் மாறும் நேரம்.

அதற்கு அடுத்த வாரம் வெளி ஆடிட். ஆடிட்டுக்கு முன் திறந்திருக்கும் என்.சி. எல்லாவற்றையும் மூட வேண்டும். மெயின்டனன்ஸுக்கு நான் வாராவாரம் அனுப்பும் நினைவூட்டலில் ஏழு இனங்கள் இருந்தன. ஏழாவது மேசைக்கானது; அதை நான் நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. பட்டியலைத் திருத்தாமல் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் மனிதர்களைப் பணிக்காலம் முழுவதும் திட்டியவன் நான்.

வெள்ளிக்கிழமை மதியம் கண்ணியப்பன் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"சார், ஏழையும் முடிச்சிட்டேன். உன் டேபிளு காலுக்கு கீழ ஷிம் தகடு குடுத்து மட்டம் பண்ணிட்டேன். இப்ப பந்து வச்சா வச்ச எடத்துல நிக்கும். ஒரு கையெழுத்து போடு."

கையெழுத்துப் போட்டேன். வேலை சரியாக நடந்திருந்தது. வேறென்ன செய்ய முடியும்?

ரெக்ரியேஷன் ரூமுக்கு ஓடினேன். கூட்டம் கூடியிருந்தது. ஸ்டெல்லா எனக்கு முன்பே அங்கே இருந்தார். தினமும் காலையில் லேபில் எந்தக் கருவியையும் தொடுமுன் அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அதே வழக்கத்தில் ஒரு பந்தை மெதுவாக உருட்டிப் பார்த்திருக்கிறார்.

"சார், நேரா போகுது" என்றார் தணிந்த குரலில்.

"என்னால்தான் ஸ்டெல்லா. நினைவூட்டல்ல…"

"அது அப்புறம். முதல்ல அந்தப் பேப்பர். தப்பான விளக்கம் போர்டுல இருக்கக் கூடாது."

"இன்னும் பத்து நிமிஷம் இருந்தா என்ன?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். லேபிலிருந்து முத்திரையை எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் தாளின் குறுக்கே 'காலாவதி' என்று குத்தினார். பிறகு தேவநாதனிடம் திரும்பினார்.

"சார், டேபிளை இன்னிக்கு மட்டம் பண்ணிட்டாங்க. இதுல எழுதியிருக்கிற சாய்வுக் கணக்கு இனிமே செல்லாது. உங்களுக்கும் சொல்லிடறேன்."

தேவநாதன் சிரித்தார். "மேடம், அந்தப் பேப்பரை நான் படிச்சதே இல்ல. எனக்கு எதுக்கு உங்க கணக்கு?"

"மேடம் சொல்ட்டாங்க, சாரும் கேட்டுகினாரு" என்று கண்ணியப்பன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

5. மூன்று ஆட்டம்

முதல் ஆட்டத்தில் ஸ்டெல்லா தோற்றார். மேசை மட்டம் என்று மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. மூன்று வாரப் பழக்கத்தில் கை தானாக அரைப் பந்து தள்ளியது. தேவநாதன் வேகவேகமாக அடித்து முடித்தார்.

இரண்டாவதில் ஸ்டெல்லா ஒவ்வொரு அடிக்கும் முன் நிமிர்ந்து நின்று, குழியைப் பார்த்து, இல்லாத பந்தைப் பார்த்து, பிறகே குனிந்தார். தேவநாதனுக்கு மெதுவான அடி ஒன்று வந்தது. படிக்காத தாளில் எழுதியிருந்தபடியே, வாட்டர் கேனுக்கு எதிர்ப்பக்கம் அரைப் பந்து தள்ளி அடித்தார். பந்து தள்ளிய இடத்துக்கே நேர்மையாகப் போய் முட்டி நின்றது. அவர் ஸ்டிக் முனையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நீல சாக் பூசினார். ஸ்டெல்லா ஜெயித்தார்.

மூன்றாவதில் இருவருக்கும் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம்; அதைத் தள்ளுகிறவருக்கு வெற்றி. தேவநாதன் முறை. மெதுவாக அடிக்க வேண்டிய பந்து. மேசை மட்டம் என்று ஸ்டெல்லா சொன்னதை நம்பாமல், போன தடவை தள்ளியது போதவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. இந்தத் தடவை முழுப் பந்து தள்ளினார். கறுப்புப் பந்து குழிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"தேவா, என்ன மேன், அங்க குழியே இல்லையே!" என்றார் பிளான்ட் ஹெட்.

ஸ்டெல்லா குனிந்தார். மூச்சை விட்டார். அது முடிகிற இடத்தை நானும் கூடவே மூச்சு விட்டதால் சரியாக அறிவேன். கறுப்புப் பந்து மேசையின் முழு நீளத்தையும் கடந்து, அவசரமே இல்லாமல் உள்ளே விழுந்தது.

"விசிலடிக்கலாமா சார், இல்ல அதுக்கும் என்.சி. போடுவியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் கண்ணியப்பன் அடித்தார்.

திங்கட்கிழமை புதிய சுற்றறிக்கை வந்தது. இரும்புலியூர் ஸ்டாப் 'பரிசோதனை அடிப்படையில்' மீண்டும் சேர்க்கப்படுகிறது. பஸ் அங்கே பதினைந்து விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஆறு பேரும் வரிசையாக, மூச்சை விட்டுக்கொண்டே ஏறிவிடுவார்கள். பரிசோதனையின் முடிவை இதுவரை யாரும் அறிவிக்கவில்லை. ஸ்டெல்லாவின் அப்பா விடிந்த பிறகே மாத்திரை சாப்பிடுகிறார் என்று போன மாதம் போனில் பேசியபோது தெரிந்துகொண்டேன்.

குறி தவறினால் முதலில் கையைத் திட்டாதீர்கள். மேசையை உருட்டிப் பாருங்கள். உங்கள் தாள் தப்பாகிவிட்டது என்று தெரிந்தால் எதிராளி எதிரிலேயே அதை ரத்து செய்யுங்கள். நான் கற்றது இவ்வளவுதான். இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிடப் பதினெட்டு வருடம் இளையவர்.

மிச்சம் இருப்பது தாளின் ஓரத்துப் பெருவிரல் தடம். ரெக்ரியேஷன் ரூமில் கம்பெனி வைத்திருந்த சாக் பச்சை. நீல சாக் தேவநாதனிடம் மட்டுமே இருந்தது. ஆனால் கண்ணியப்பனின் விரல்களில் எப்போதும் மார்க்கிங் நீலம் ஒட்டியிருக்கும், போர்டில் தாளைக் குத்தியதும் அவர்தான். தடம் யாருடையது என்பது சரிபார்க்கப்படவில்லை.