அம்மன் தலைமேல் பிளேன் துணி

ஏரியில் பிளேன் இறங்கியது என்பதைப் பொதட்டூர்பேட்டைச் சாலையில் நம்பாதவர்கள் இல்லை, பார்த்தவர்களும் இல்லை. உலகப் போர் நடந்த காலமாம். தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகு ஒன்று, ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையின் விளக்குகளைத் துறைமுகம் என்று நினைத்து, பக்கத்து ஏரியில் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். அதன் இறக்கைத் துணியைப் பஞ்சாட்சரத்தின் தாத்தா அறுத்துவந்து ஏரிக்கரை கெங்கையம்மனுக்குத் தலைக்குமேல் மேற்கட்டியாகக் கட்டினாராம். இத்தனை 'ஆம்'களின் பேரில்தான் ஆடித் திருவிழாவின் முதல் கூழ்ச்செம்பு எண்பது வருடமாகப் பஞ்சாட்சரம் வீட்டுக்குப் போகிறது.

இந்த வருடம் விழாக்குழுத் தலைவர் ஹேமநாதன் சந்தேகம் கிளப்பினார். அவருக்கு பிளக்ஸ் அச்சடிக்கும் கடை இருப்பதற்கும் சந்தேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னார். பிளேன் துணி என்றால் இருக்கட்டும். இல்லையென்றால் மேற்கட்டியாக பிளக்ஸ் கட்டலாம். முதல் செம்பைக் குலுக்கலில் கொடுக்கலாம். துணியைப் பார்த்துச் சொல்ல ரஞ்சிதத்தைக் கூப்பிட்டார்கள்.

ரஞ்சிதத்துக்கு ஐம்பத்து நாலு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து தறிச் சத்தத்திலேயே இருப்பவள் என்பதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வாள். எந்தத் துணியைக் கண்டாலும் விரல் தானாகப் போய்விடும். தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் வேட்டியைத் தடவி, "இது பட்டு இல்லீங்க" என்று அவள் சொன்னதில் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. ஆனால் பட்டுதான் என்று இன்றுவரை யாரும் வாதாடவில்லை.

பெட்டியிலிருந்து மேற்கட்டியை எடுத்து விரித்தார்கள். பஞ்சாட்சரத்துக்கு எழுபது வயது; ரஞ்சிதத்துக்குப் பாவா, அதாவது அத்தான் முறை. நிலம் விற்றாயிற்று, பிள்ளைகள் ஆவடிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். வருடத்தில் செம்பு வரும் அந்த ஒரு நாள்தான் மேளக்காரர்கள் அவர் வாசலில் நிற்பார்கள்.

"பாத்து சொல்லு ரஞ்சிதம். அவசரம் வாணாம்."

"துணி எங்கியும் ஓடிப்போவாது பாவா. நீ ஏன் வேர்த்துகினு நிக்கிற?"

கிழிந்த மூலையிலிருந்து விரல்நீள இழை ஒன்றை உருவினாள். அம்மனைப் பார்த்து, "திருப்பிக் கோத்துடறேன் தாயி" என்று சொல்லிவிட்டு, எச்சில் தொட்டு இழுத்து அறுத்தாள். அறுந்த முனை பஞ்சாக விரிந்தது.

"பருத்தி" என்றாள்.

வானத்தில் பறந்த துணி பட்டாகவோ நைலானாகவோதான் இருக்கும் என்பது ஊரின் முடிவு. வீட்டுக்கு வீடு பருத்தி லுங்கி நெய்கிறவர்களுக்குப் பருத்தி பறக்கும் என்று தோன்றவில்லை. ரஞ்சிதத்துக்கும்தான். பஞ்சாட்சரம் செருப்பைத் தேடினார். ஹேமநாதன் அளவெடுக்கும் டேப்பை எடுத்தார்.

மறுநாள் தறியில் நின்றபோது அவள் விரல்தான் முரண்டு பிடித்தது. லுங்கியில் நீள இழை கூடுதல், குறுக்கிழை குறைச்சல். அந்தத் துணி அப்படி இல்லையே. இழை எண்ணும் கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போனாள். அங்குலத்துக்கு நீளத்தில் எண்பது, குறுக்கிலும் எண்பது. இழைகளின் இடுக்கில் வெள்ளி நிறப் பூச்சின் மிச்சம். மேலே ஒட்டியிருந்த பட்டியின் ஓரம் ரம்பப் பல்லாக வெட்டப்பட்டிருந்தது. இந்தப் பக்கத்தில் துணியை அப்படி வெட்டினால் முதலாளி கையை வெட்டுவார்.

நேராக பிளக்ஸ் கடைக்கு நடந்தாள். அங்கே பஞ்சாட்சரமும் இருந்தார், கெஞ்சுவதற்காக.

"ஹேமா, உன் போன்ல பாரு. அந்தக் காலத்து பிளேனுக்கு இன்னா துணி போட்டாங்க?"

"நான் ஏன்க்கா பாக்கணும்?"

"நீதான சந்தேகப்பட்ட."

படிக்கப் படிக்க ஹேமநாதனின் முகம் சுருங்கியது. கடல் விமானங்களுக்கு முதலில் லினன் துணிதானாம், பிறகு பருத்தியும் வந்ததாம். போர்க்காலத்துப் பறக்கும் படகுகளில் உடம்பு உலோகமானாலும் இறக்கையின் பின்னோரத்திலும் வால் சுக்கானிலும் துணிதான். அதன்மேல் வெள்ளி நிறப் பூச்சு; நூல் பிரியாமலிருக்க, ஓரத்தைப் பல்லாக வெட்டிய பட்டி.

"ஆங். நம்ம நூலப் போத்திகினுதான் பறந்துக்கிறான் வெள்ளக்காரன்" என்றாள் ரஞ்சிதம்.

ஹேமநாதன் விடவில்லை, போனில் மேலும் தேடினார். "அதெல்லாம் மெட்ராஸ்கிட்ட செங்குன்றம் ஏரியில இறங்கினது அக்கா. இங்க ஏது?"

பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார். "தாத்தா அப்ப செங்குன்றத்துல கூலி வேல. திரும்பி வரும்போது இதப் போத்திகினு வந்தாருன்னு நைனா சொல்வாரு. நம்ம ஏரியும் சேறும் ஊரு சேத்துகினது. நான் வாயத் தொறக்கல."

"அப்ப பிளேன் வரல" என்றார் ஹேமநாதன்.

"துணி வந்துச்சில்ல" என்றாள் ரஞ்சிதம். "அம்மனுக்குத் துணி குடுத்ததுக்குத்தான் கூழு. பிளேன் ஓட்டினதுக்கா ஊத்தறோம்?"

செம்பு இந்த ஆடியிலும் பஞ்சாட்சரம் வீட்டுக்கே போனது. மேளம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. ஹேமநாதனின் பிளக்ஸ் கோயில் வாசலோடு நின்றுகொண்டது. அதில் அவர் கும்பிட்டுக்கொண்டிருக்க, பின்னால் நம்ம ஏரியில் ஒரு பிளேன் இறங்கிக்கொண்டிருந்தது.

உருவி அறுத்த இழைக்குப் பதில் இழைதான் இன்னும் கிடைக்கவில்லை. தெருவிலுள்ள நூலையெல்லாம் ரஞ்சிதம் தடவிப் பார்த்துவிட்டாள். ஒன்று தடிமன், ஒன்று சாயம். பொருந்தாததைக் கோக்க விரல் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பஞ்சாட்சரம் வந்து நிற்கிறார்.

"அம்மனுக்கு ஒரு இழ பாக்கி, ரஞ்சிதம்."

"தெரியும் பாவா. இன்னொரு பிளேன் வரட்டும், பாத்துக்கலாம்."