மதினியை யாரும் அடிக்க மாட்டார்கள்

என் இடுப்பில் ஆரஞ்சு பெல்ட்டைக் கட்டிவிட்டுக் கராத்தே மாஸ்டர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள். எனக்கு அந்தத் தட்டலே பிடிக்கவில்லை. மேடையில் பாட்டை மறந்துவிட்டு முழிக்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தட்டுவார்களே, அந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே என் மூக்கில் வேர்த்துவிட்டது. இங்கே என்னவோ நடக்கிறது என்று நினைத்தேன்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரிதான். அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மாட்டுத்தீவனக் கடை. கல்லாவில் உட்காருகிறவள் நான். சிரித்துக்கொண்டே வருகிற ஆளை இரண்டு மடங்கு கவனிப்பேன். அப்படிப்பட்ட நான் ஏமாந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நடுரோட்டில், வெயில் இறங்குகிற நேரத்தில்.

கடையிலிருந்து திருச்சுழி ரோட்டில் எங்கள் ஊருக்கு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலைதான், ஒரு ஈ காக்கா கிடையாது. பைக்கில் வந்த ரெண்டு பேர் பக்கத்தில் நிறுத்தி, "அக்கா, பந்தல்குடிக்கு எப்பிடிப் போகணும்?" என்று கேட்டார்கள். நானும் வண்டியை நிறுத்திக் கையை நீட்டி வழி சொன்னேன். பின்னால் இருந்தவன் சாவகாசமாகக் கையை விட்டுத் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டான். பைக் போன பிறகும் என் கை வழி காட்டியபடியே நீண்டு நின்றது. கத்தவில்லை, தட்டிவிடவில்லை. கட்டை மாதிரி நின்றேன்.

சங்கிலி போனதைவிட அந்தக் கட்டை மாதிரி நின்றதுதான் என்னை அரித்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "சத்தம் போட வேண்டியதுதான?" என்று கேட்டார்கள். ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மஞ்சள் கயிற்றில் புதுத் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டேன். இன்னொரு தடவை ஒரு கை என்னை நோக்கி வந்தால் நான் நிற்பேனா, அடிப்பேனா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். கராத்தே கிளாஸில் சேர்ந்தது அதற்காகத்தான். உடம்பைக் குறைக்க என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

கிளாஸ் நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மண்டபம் என் வீட்டுக்காரரின் பெரியப்பாவுடையது. மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கூட வருகிறவர்கள் பெரும்பாலும் தொப்பையைக் குறைக்க வந்த கடைக்காரர்கள். பெண் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரும் நானும்தான். அதனால் ஸ்பாரிங் என்கிற பழக்கச் சண்டைக்கு எனக்கு ஜோடி, என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை. பருப்புக்கடை வைத்திருக்கிறான், ஒற்றை ஆளாக மூட்டையைத் தூக்கித் தோளில் போடுகிறவன்.

அவனைத்தான் நான் வாரா வாரம் அடித்து வீழ்த்திக்கொண்டிருந்தேன். என் கால் அவன் தொடையில் பட்டால் "ஆத்தாடி!" என்று உட்காருவான். என் குத்து நெஞ்சில் தொட்டால் ரெண்டடி பின்னால் போவான். ஆரம்பத்தில் எனக்கும் தலை கிறுகிறுக்கத்தான் செய்தது. அடேங்கப்பா, நம்மிடம் இவ்வளவு வலு இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பெல்ட் கட்டிய நாளிலிருந்துதான் கணக்கு உதைத்தது.

மாஸ்டர் பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். பாக்ஸிங்கில் குத்து கனமாக வரும், ஆனால் இடுப்புக்குக் கீழே காவல் கிடையாது என்பார். குஸ்திக்காரன் உங்களைப் பிடிக்கிற வரைக்கும்தான் உங்கள் வித்தை, பிடித்துவிட்டால் தரையில் அவன்தான் ராஜா என்பார். காலை வீசி அடிக்கிற டேக்வாண்டோவுக்கு நல்ல இடம் வேண்டும், சந்துக்குள் மாட்டினால் கதை முடிந்தது என்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் கராத்தேயில் பதில் இருக்கிறது என்று முடிப்பார். தன் கடைச் சரக்கை எவன் குறைத்துச் சொல்வான் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று சத்தியம். எதிராளியின் கையைப் பார்க்காதே, கண்ணையும் பார்க்காதே, தோளைப் பார். கை கிளம்புவதற்கு முன்னால் தோள் கிளம்பிவிடும்.

நான் கொழுந்தன் தோளைப் பார்க்க ஆரம்பித்தேன். அது அசையவே இல்லை. முழங்கைக்குக் கீழே இருக்கிற கை மட்டும் ஈரத்துணியை உதறுகிற மாதிரி வந்து போனது. அதே ஆள் ஜெராக்ஸ் கடைக்காரரோடு ஸ்பாரிங் போடும்போது பார்த்தேன். அவர் இவனுக்கு மச்சான் முறை. அங்கே பாதம் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் ஏறுகிறது, அப்புறம்தான் குத்து வருகிறது. 'தொம்'மென்று சத்தம் வேறு. மச்சானுக்கு உதடு வீங்கிவிட்டது. ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே ரத்தத்தைத் துடைத்தார்கள்.

சரி, சோதித்துவிடுவோம் என்று மறுவாரம் இடது கையைக் கீழே தொங்கவிட்டேன். முகம் திறந்து கிடந்தது. பச்சைப்பிள்ளைகூட அடித்துவிடும். கொழுந்தன் குத்த வந்தான், என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது. நான் பேருக்கு ஒரு காலைத் தூக்கினேன். அது அவன் மேல் பட்டதா என்றே எனக்குத் தெரியாது, அவன் விழுந்துவிட்டான். "மதினி கால் இடி மாதிரியில்ல எறங்குது!" என்றான். எல்லாரும் தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக்குச் சப்பாணியாக என்னை ஆட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

மாஸ்டரைத் தனியாகப் பிடித்தேன்.

"சார், இவுக யாரும் என்னைய அடிக்க மாட்டேங்காக. நீங்கதான் சொல்லி வச்சிருக்கீகளா?"

"கராத்தேன்னாலே கன்ட்ரோல்தான் மேடம்."

"அந்தக் கன்ட்ரோல் மச்சான் உதட்டுக்குக் கிடையாதா?"

அவர் மண்டபத்தின் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மாஸ்டர்ட்ட நீங்க எதுவும் சொன்னீகளா?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்று சொல்லிவிட்டுச் செல்போனுக்குள் போய்விட்டார். அவர் அப்படிச் செல்போனுக்குள் போனால் அதற்கு நூறு அர்த்தம் இருக்கும். அன்றைக்கு ராத்திரிச் சோற்றைக்கூட அவரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

கடைசியில் உண்மையைப் போட்டு உடைத்தவன் கொழுந்தன்தான். பருப்புக்கடைக்கே போய், எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாகக் கேட்டேன். பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"யாரும் சொல்லல மதினி. சொல்லணுமா? அண்ணன் பொஞ்சாதி மொகத்துல குத்திட்டு நான் வீட்டுக்குப் போக முடியுமா? எங்கம்மா சோறு போடுமா?"

"அப்ப மச்சான குத்துறியே?"

"மச்சானக் குத்தலாம். அதுக்குத்தான மச்சான்!"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கூடத்தில் நடப்பதெல்லாம் விளங்கியது. மாஸ்டரைத் தவிர அங்கே எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் ஏதோ ஒரு முறையில் சொந்தம். மச்சானும் மச்சானும் மோதினால் ரத்தம் வரும். சித்தப்பா முறைக்காரரோடு மோதினால் கை பாதி வழியில் குனிந்து கும்பிடும். மாமனார் முறை வந்துவிட்டால் ஸ்பாரிங்கே கிடையாது, அன்றைக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். யார் யாரை எவ்வளவு அடிக்கலாம் என்பதை மாஸ்டர் முடிவு செய்யவில்லை. அவரவர் பிறந்த அன்றே அது முடிவாகிவிட்டது. இதில் கடைசி இடம் மதினிக்கு. மதினியை யாரும் அடிக்க மாட்டார்கள்.

யாராவது புதிதாகச் சேரப்போகிறீர்கள் என்றால் நான் சொல்வது ஒன்றுதான். பெல்ட்டை விடுங்கள். முதல் வாரத்திலேயே யாரிடமாவது ஒரு முழுக்குத்து வாங்கிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் நீங்கள் படிப்பது டான்ஸ்.

குத்துக் கிடைக்காத நான் கம்புக்கு மாறினேன். திருச்சுழிப் பக்கம் ஒரு பெண் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முப்பது வயதுகூட இருக்காது, ஒல்லியாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல் நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வியே, "எந்த ஊரு அக்கா? யாரு வீடு?"

எனக்குத் தெரியும், இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அஞ்சு நிமிஷத்தில் முறை கண்டுபிடித்துவிடுவார்கள். மல்லாங்கிணறு என்று பச்சையாகப் பொய் சொன்னேன்.

கராத்தேயில் நேருக்கு நேர் நிற்போம். சிலம்பத்தில் நிற்பது என்பதே இல்லை, கால் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். கையில் பலம் எதற்கு, மணிக்கட்டு சுழன்றால் போதும் என்பாள். கம்பு நுனியில் கரியைக் குழைத்துத் தடவிவிட்டு என்னோடு ஆடினாள். எங்கே பட்டதோ அங்கே கறுப்பாகப் புள்ளி விழும், யாரும் மறைக்க முடியாது. அன்றைக்கு என் வெள்ளைச் சுடிதார் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. கெண்டைக்காலில் சுள்ளென்று ஒன்று வாங்கினேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்! ஒருத்தி என்னை நிஜமாக அடித்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. மூன்றாவது வாரம் போனபோது அவள் முகத்தில் அதுவரை இல்லாத சிரிப்பு இருந்தது.

"ஏங்க்கா மல்லாங்கிணறுன்னு சொன்னீக? ஒங்க வீட்டுக்காரரு எங்க பெரியம்மா வழியில எனக்கு அண்ணன் முறையாம்ல. அப்ப நீங்க எனக்கு மதினி!"

அன்றைக்கு அவள் கம்பு என்னைச் சாமரம் வீசுகிற மாதிரி சுற்றி வந்தது. சுடிதார் வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தது. அதுவுமில்லாமல், கம்பை நம்பி நான் என்ன செய்ய? ஸ்கூட்டியில் அதை எங்கே வைத்துக்கொண்டு போக? அதோடு அதையும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே யோசித்தேன். இந்தச் சீமையில் என் மேல் கை வைத்தால் ஊர் ஒன்றும் கேட்காது என்கிற ஆள் யாராவது உண்டா? யோசிக்கவே தேவையில்லை. ஒரே ஒரு ஆள் உண்டு, உள்ளே மட்டன் சாப்பிட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொல்லைக்கு அவரைக் கூப்பிட்டேன். "யாரோ ஒரு களவாணிப்பய மாதிரி வாங்க. என்னையப் பிடிக்க வாங்க. நான் தடுக்கணும்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"வாங்கன்னா வாங்க."

வந்தார். சினிமா வில்லன் மாதிரி கண்ணை உருட்டிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு வந்தார். தட்டிவிட்டேன். "நடிக்காதீக" என்றேன். மறுபடியும் அதே கூத்து. "லோடுமேன்கிட்ட கத்துறதுல பாதி வேகமாச்சும் காட்டுங்க. ஒரு பொம்பளையப் பிடிக்கத் துப்பில்லையா?" என்றேன்.

அவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. நேராக வந்தார். வலது தோள் ஏறியது. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடது கையால் தடுக்கணும், கால் முன்னால் போகணும், வலது கையால் விலாவில் குத்தணும், எல்லாம் தெரியும். நான் எதுவுமே செய்யவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் கை மேலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

கல்யாணமான முதல் வருஷம், அவர் அம்மாவை எதிர்த்துப் பேசினேன் என்று அடுப்படியில் வைத்து ஒரு அறை அறைந்தார். ஒரே தடவைதான். அப்புறம் இத்தனை வருஷத்தில் விரல்கூடப் பட்டதில்லை. அதைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. எனக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கழுத்துக்கு மறக்கவில்லை. மாஸ்டரை, கொழுந்தனை, பெல்ட்டை, கைதட்டலை, எதையெல்லாமோ சந்தேகப்பட்டேன். திருச்சுழி ரோட்டில் நான் கட்டையாக நின்றது அந்த பைக்கில் வந்தவனால் மட்டும்தானா என்று ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"உள்ள போவோம் வா" என்றார்.

"இன்னொரு தடவை வாங்க."

"வேணாம்த்தா. விட்டுரு."

"அதே மாதிரி வாங்க. கைய ஓங்கிட்டு வாங்க."

என்ன நினைத்தாரோ, வந்தார். தோள் ஏறியது. நான் கண்ணை மூடவில்லை. என் இடது கை அவர் கையைத் தட்டிவிட்டது, வலது கை விலாவில் இறங்கியது. அவர் மூச்சு நின்று, துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். விட்டுக்கொடுத்தாரோ என்று ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தேன். இல்லை. அப்படி யாராலும் நடிக்க முடியாது. வாயைத் திறந்து திறந்து மூடினார், மூச்சு உள்ளே போகவே இல்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் ரெண்டு மடக்குக் குடித்தார்.

"வலிக்குதுடி" என்றார்.

"எனக்கும் வலிச்சது" என்றேன்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை.