தர்கா சர்க்கரை

காகிதப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடிச் சர்க்கரை, அதன்மேல் வாடிய ரோஜா இதழ்கள். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் மடியில் அது இருந்தது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு விடாத ஜுரம். டாக்டர் கையை விரித்துவிட்டார். "தர்காவுல ஓதி ஊதினா இறங்கும், என் பொண்ணுக்கே இறங்கித்து" என்று எதிராத்து மாமி அம்மாவின் காதில் போட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அவளே வந்தாள். அப்பா கோயிலில் பாசுரம் சேவிப்பவர். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். தெரிந்தால் அம்மாவைப் பிறந்தகத்துக்கே அனுப்பிவிடுவார் என்று நான் நடுங்கினேன்.

தர்காவில் தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்காடிட்ட பெண்களுக்குச் சமமாகக் குங்குமம் வைத்தவர்களும் இருந்தார்கள். ஓதுகிற பெரியவர் சர்க்கரைமேல் மெல்ல ஊதினார். "பயப்படாதீங்கம்மா. எங்க கையில ஒண்ணுமில்ல, அவன்கிட்ட கேட்டிருக்கோம். புள்ளைக்குப் பால்ல கலந்து குடுங்க" என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போதே தம்பி அனத்துவது கேட்டது. அம்மா பொட்டலத்தைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு ஓடினாள். சற்று நேரத்தில் அப்பா அடுக்களைக்கு வந்து பெருமாளுக்குப் பால் காய்ச்சினார். பொட்டலத்தைப் பிரித்தார், இதழ்களை ஒதுக்கினார், சர்க்கரையைப் பாலில் கொட்டினார். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாலைச் சாளக்கிராமத்தின் முன் வைத்து, கண்ணை மூடி நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணிவிட்டார். அம்மா வந்து பார்த்தாள்.

"ஏன்னா, அந்தச் சர்க்கரை..."

"தெரியும். பாத்தாலே தெரியறதே."

எங்கள் கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னிதி உண்டு. பெருமாளைத் தேடி டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகள். அவளுக்கு இன்றும் ரொட்டிதான் நைவேத்தியம்.

"அவளைக் கூட வெச்சுண்டிருக்கிறவர் இதுக்கா கோச்சுக்கப் போறார்?" என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பாலை டம்ளரில் ஊற்றி அம்மாவிடம் நீட்டினார். "அடுத்த தடவை நானும் வரேன்."

தம்பி தேறினான்; இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? அப்பாவே தர்காவுக்கு வருகிறேன் என்றபோதுதான், தம்பி செத்துப்போகக்கூடும் என்பது எனக்கு உறைத்தது.