ஆய்வகத்தில் ஓர் இடம்

பேருந்து ஓட்டுநரான அவருக்குப் பணிமனையில் வைத்த பெயர் ஹாரன். காதோடு ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவருடைய ஒரே மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒன்பதாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வேதியியல் ஆய்வகத்துக்குப் போகும்போது, அவளை மட்டும் நூலகத்தில் உட்கார வைத்தார்கள். சலுகை என்றது பள்ளி. வீட்டிலும் அப்படியே நம்பினார்கள்.

ஒருநாள் அவளே வாயைத் திறந்தாள்.

"எனக்குச் சலுகை வேண்டாம்பா. எல்லாரும் சட்டையில ஏதோ மருந்து வாடையோட வர்றாங்க. நான் மட்டும் தூசி வாடையோட வர்றேன்."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனார். அங்கிருந்த வக்கீலம்மா விளக்கினார்: குறையைக் காட்டிப் பிள்ளையைப் பாடத்திலிருந்து ஒதுக்கப் பள்ளிக்கு உரிமையில்லை, அவள் கற்கத் தேவையான வசதியைச் செய்து கொடுப்பது பள்ளியின் கடமை.

தலைமையாசிரியர் மசியவில்லை. "ஆசிட், நெருப்புன்னு புழங்கற இடம். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

"மத்தப் பிள்ளைங்களுக்கு ஆச்சுன்னா யார் சொல்வாங்களோ, அவங்களேதான் சார்." வராந்தா முழுக்கக் கேட்டது. "பயமா இருந்தா பாதுகாப்பு பண்ணுங்க. புள்ளைய வெளிய உக்கார வைக்காதீங்க."

கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தார். இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். "எதுக்குங்க வம்பு? அவளைத்தானே கறுவுவாங்க" என்று மனைவி கலங்கினாள்.

"இதை விட்டா, நாளைக்கு வேற எதுலேர்ந்து ஒதுக்குவாங்களோ?" என்றார். நடையை நிறுத்தவில்லை.

கடைசியில் மனு விசாரணைக்கு வந்தபோது, கல்வி அதிகாரி மகளிடமே கேட்டார். "உனக்கு என்னம்மா வேணும்?"

"வாய்விட்டு அளவு சொல்ற தெர்மாமீட்டர் கடையில கிடைக்குது சார். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும். மேசையில எனக்கும் ஒரு இடம் வேணும்."

உத்தரவு வந்தது. தெர்மாமீட்டரும் வந்தது. உதவியாளரைப் போடத்தான் பள்ளி இழுத்தது. அதுவரை வேதியியல் ஆசிரியையே, முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டும், அவள் பக்கத்தில் நின்றார்.

ஒரு சாயங்காலம் மகள் விரல் நுனியில் சின்னக் கொப்புளத்தோடு வந்தாள். சூடான குழாயைத் தொட்டுவிட்டாளாம்.

"இதுக்குத்தானே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்!" என்று பதறினாள் அம்மா.

"எங்க மேசையில மூணு பேருக்கு இருக்கும்மா" என்று அவள் சிரித்தாள்.

அப்பா களிம்பைத் தடவிவிட்டார். அடுத்த ஆய்வக வகுப்பு என்றைக்கு என்று கேட்டுக்கொண்டார்.