சத்தம் போடாத அடுப்பு

அந்த அடுப்பை வாங்கிய விதத்தில் புவனாவை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத்தான் வாங்கினாள். அப்படிக் கேட்டு வாங்கியதில்தான் வினை இருந்தது.

கிணத்துக்கடவிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே அவர்கள் வீடு. மாமனார் பொங்கியண்ணன், மாமியார் தெய்வாத்தாள், தேங்காய் வியாபாரம் பார்க்கும் கணவன் கவின், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். புவனாவுக்கு மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. தெய்வாத்தாளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் சமையற்கட்டு முழுதாகப் புவனாவின் தலையில் விழுந்தது. விடியும் முன் எழுந்து எல்லா வேளைக்கும் ஆக்கி இறக்கி வைத்துவிட்டு, ஈரத் தலையோடு பஸ் ஏறுவாள். அந்த மார்கழி முழுக்க இருமிக்கொண்டே கிடந்தாள். பக்கத்து இருக்கைக்காரி ஒருத்திதான் ஸ்லோ குக்கரைப் பற்றிச் சொன்னாள். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால், பொழுதோடு வீடு திரும்பும்போது கறி எலும்பை விட்டுக் கழன்று நிற்குமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவினை இழுத்துக்கொண்டு காந்திபுரம் போனாள். கடையில் பெரியதாக இரண்டு இருந்தன. உள்ளே கறுப்புப் பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. புவனா சட்டியை வெளியே எடுத்து, இடுப்பில் இடுக்கிப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

“ஆட்டுக்கால் எட்டும் ஒண்ணா முங்குமுங்களா?” என்று கேட்டாள்.

“ஆடே முங்குமுங்க்கா,” என்றார் கடைக்காரர். “இது டிஜிட்டலு, டைம் வெச்சுக்கலாம். அது குமிழு வெச்ச மாடலு. லோ, ஹை, வார்ம், அவ்வளவுதான். திருப்பி உட்டா ஓடீட்டே இருக்கும்.”

“நடுவுல கரண்டு போச்சுன்னா?”

“நல்லாக் கேட்டீங்க. டிஜிட்டலு ஆஃப் ஆயிருமுங்க, நீங்க வந்துதான் மறுபடி அமுக்கோணும். குமிழுல அந்தத் தொந்தரவே இல்ல. கரண்டு வந்ததும் அதுபாட்டுக்கு ஓட ஆரம்பிச்சுக்கும். போச்சு வந்துச்சுங்கறதே உங்களுக்குத் தெரியாது.”

“உனக்குத் தோதான ஆளு புவனா,” என்றான் கவின். “எது நடந்தாலும் மூஞ்சியில காட்டாது.”

பகலெல்லாம் ஆளில்லாமல் ஓட வேண்டிய அடுப்பு. கரண்டு போனால் நின்றுவிடுகிறதை வாங்க அவளுக்கென்ன பைத்தியமா? குமிழ் வைத்ததையே கட்டச் சொன்னாள்.

தெய்வாத்தாளுக்கு அதைப் பிடிக்கவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, மூடிமேல் ஆவி படிவதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விசிலும் வராது, கொதிக்கற சத்தமும் வராது. இது உசுரோட இருக்குதா செத்துப்போச்சான்னு எப்படி அம்மணி தெரியும்?”

“லைட் எரியுது பாருங்க அத்தை. அது எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம்.”

“சாமி ரூம்புலயுந்தான் பகலெல்லாம் லைட் எரியுது. அங்க என்ன வேகுது?”

முதல் வாரம் அரிசிம்பருப்புச் சோறு போட்டுப் பார்த்தாள். களி மாதிரி வந்தது. பொங்கியண்ணன் ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எழுந்தார். அடுத்து கொள்ளு. பிறகு எலும்புக் குழம்பு. அதற்குப் பின் யாரும் குறை சொல்லவில்லை. மாமனார் இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டார். புவனா பல மாதங்களுக்குப் பிறகு தலையைக் காயவைத்துப் பின்னிக்கொண்டு வேலைக்குப் போனாள். தெய்வாத்தாள் மட்டும் சமையற்கட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

அந்தப் பார்வைக்கு வேறொரு காரணமும் இருப்பதாகப் புவனாவுக்குத் தோன்றும். கவினின் தங்கை சண்முகப்பிரியா கோபியில் கட்டிக்கொடுத்தவள். அவளுக்கு இரண்டு முறை கரு நிற்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை அவள் இந்த வீட்டில்தான் இருந்தாள். முந்தின நாள் புவனா வைத்த கருவாட்டுக் குழம்பை ஆசையாகச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கும் குழம்புக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். தெய்வாத்தாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த அமாவாசையன்று தனியாக ஆனைமலைக்குப் போய், மாசாணியம்மன் கோவில் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தார்.

புவனா பிறந்த ஊரே ஆனைமலைதான். அந்தக் கல்லில் மிளகாய் அரைப்பவர்கள் தங்களுக்குக் கெடுதல் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டுமென்று, அவரை நினைத்துத்தான் அரைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். யாரை நினைத்து அரைத்தீர்கள் என்று அவள் கேட்டதில்லை. அன்றிலிருந்து நாத்தனார் வந்தால், அவள் வட்டலில் எதைப் பரிமாறினாலும் புவனாவின் கை ஒரு நொடி நின்று, பிறகுதான் நகரும்.

இந்த முறை ஏழு மாதம் தாண்டிவிட்டது. கட்டுச்சோறு ஆக்கிக்கொண்டு கோபிக்குப் போய், பிரியாவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்த நாலாம் நாள் அவள் வாய் விட்டுக் கேட்டாள்.

“நங்கை, ஆட்டுக்கால் சாறு வெச்சுத் தர்றீங்களா? உங்க கையால.”

அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். புவனா மாமியாரைப் பார்த்தாள். தெய்வாத்தாள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கறாளல்ல, வெச்சுக் குடு,” என்றார்.

மறுநாள் காலையில், இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்த கால்களைக் கழுவி, மஞ்சள் தடவி, தட்டிய மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினாள். குமிழை லோவில் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மாவும் மகளும் கூடத்தில் இருந்தார்கள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த முறையாவது எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தபடி செருப்பை மாட்டினாள்.

அன்று அந்த வட்டாரத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் ஊர்ப்பெயரோடு வந்திருந்தது. முன்பெல்லாம் அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் மாவு ஆட்டுவதும் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதும் நடக்கும். பிள்ளைகளின் படிப்புக்கென்று இன்வெர்ட்டர் வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. கரண்டு போனால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான். விசிறி ஓடும். டிவி ஓடும். சமையற்கட்டுப் பிளக்குக்கு மட்டும் இன்வெர்ட்டரில் இணைப்பில்லை. மிக்ஸியும் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் பேட்டரியைக் குடித்துவிடும் என்று சொல்லி எலக்ட்ரீஷியன் அதை விட்டுவைத்திருந்தார்.

ஆட்டுக்கால் சட்டி வெதுவெதுப்பாகத் தொடங்கிய நேரத்தில் கரண்டு போனது. மத்தியானச் சாப்பாடு கூடத்து மேசையிலேயே இருந்ததால் தெய்வாத்தாள் அன்று சமையற்கட்டுப் பக்கம் போகவில்லை; கூடத்தில் இருந்த இருவருக்கும் அது தெரியவில்லை. பகல் முழுக்க அந்தச் சட்டி, உடம்புச் சூட்டில், மூடியபடி உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குக் கரண்டு வந்தது. சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. கடைக்காரர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

புவனா வீட்டுக்குள் நுழைந்தபோது மிளகு வாசம் வந்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே போய் மூடியைத் திறந்தாள். மேலே மெல்லிய நுரை. கரண்டியால் ஒரு காலை எடுத்து அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றை எடுத்தாள். எலும்பைக் கவ்விக்கொண்டு விறைப்பாக இருந்தது. காலையிலிருந்து கிடந்த கால், கரண்டி பட்டாலே உதிர வேண்டும்.

“அத்தை, இன்னைக்குக் கரண்டு போச்சுங்களா?”

“போகலியே. டிவி ஓடீட்டேதான இருந்துச்சு.”

புவனா ஃபிரிட்ஜின் மேல் அறையைத் திறந்தாள். ஐஸ் தட்டில் பாதி தண்ணீராக இருந்தது. வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில் பொங்கியண்ணன் கால் கழுவிக்கொண்டு நின்றார்.

“மாமா, பகல்ல மோட்டார் போட்டீங்களா?”

“எங்கம்மணி போடறது? காலையில நான் தோப்புக்குப் போயி சித்த நேரத்துல போன கரண்டு, இப்பத்தான வந்துச்சு.”

அவள் திரும்பி வந்து குமிழை அணைத்தாள். சட்டியைத் துணி போட்டுப் பிடித்துத் தூக்கினாள். வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான் கவின்.

“எங்க தூக்கீட்டுப் போற?”

“கொட்டப் போறனுங்க. கெட்டுப்போச்சு.”

“கெட்ட வாசமே இல்லியே?”

“வேகலைன்னா குக்கர்ல போட்டு நாலு விசில் உடு,” என்றார் தெய்வாத்தாள், நாற்காலியில் கைகளை ஊன்றி எழுந்து. “கறியக் கொண்டுபோயிக் கொட்டற ஊட்ட எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

போன வருசம் கம்பெனி கேன்டீனில் நடந்தது புவனாவுக்குக் கண்முன் நின்றது. மத்தியானமே செய்து மூடி வைத்த கறியை ராத்திரி ஷிஃப்ட்டுக்குத் தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் போட்டார்கள். கொதிக்கவைத்தோம், கொதிக்கவைத்தோம் என்று சமையல்காரர் அழுதுகொண்டே சொன்னார். சாப்பிட்டவர்களை வேனில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். வெதுவெதுப்பில் கிடந்த கறியில் ஊறுகிற விஷம், பிறகு எவ்வளவு கொதித்தாலும் போகாது என்று அன்றைக்குத்தான் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

“கொதிக்க வெச்சாலும் சரியாகாதுங்க அத்தை. பிரியா வயித்துக்கு இது ஆகாது.”

“நீ வெச்சது ஆகாதுன்னு நீயே சொல்றயா?”

இரண்டு வருசமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது. புவனா சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாங்க அத்தை. நானேதான் சொல்றேன்.”

தோப்போரம் தென்னங்குழியில் கொட்டி, மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடினாள். நாய் முகர்ந்துகொண்டு வந்தது. கல்லெடுத்து விரட்டினாள். திரும்பி வந்து சட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போடும்போதுதான் தொட்டிக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தாள். அடியில் இரண்டு மிளகுத் துண்டு, ஒரு சீரகம்.

“இது யாரு குடிச்சதுங்க?”

பிரியா சுவரைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றிருந்தாள்.

“நாந்தான் நங்கை. நீங்க வர்றதுக்கு முன்ன அம்மா ஊத்திக் குடுத்தாங்க. கால் வேகல, சாறு மட்டும் குடின்னு. நல்லாத்தான் இருந்துச்சு.”

தெய்வாத்தாள் அந்த டம்ளரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“கார் எடுங்க,” என்றாள் புவனா கவினிடம். “பொள்ளாச்சிக்குப் போயிரலாம்.”

“எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க நங்கை.”

“பண்றதுக்கு முன்ன போயிரலாம் கண்ணு.”

கோவில்பாளையம் தாண்டுவதற்குள் பிரியாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து குனிந்தாள். ஒரு தடவை, மறுபடி, மறுபடியும். புவனா அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. பின்சீட்டின் மறுமூலையில் தெய்வாத்தாள் மகளின் வளையல் கையை இறுகப் பிடித்திருந்தார்.

“வயித்துல புள்ள அசையுதா?” என்று கேட்டார்.

“இப்ப ஒண்ணும் தெரியலியேம்மா,” என்றாள் பிரியா.

ஆஸ்பத்திரியில் புவனா ஒன்றையும் மறைக்கவில்லை. என்ன கறி, எப்போது போட்டது, கரண்டு எப்போது போனது, எவ்வளவு குடித்தாள் என்று டாக்டரம்மா கேட்கக் கேட்கச் சொன்னாள். நான் வைத்த சாறுதான் என்பதையும் சொன்னாள். டாக்டரம்மா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

“சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்க, அதுவரைக்கும் சரி. உடம்புல தண்ணி வத்தவிடக்கூடாது. காய்ச்சல் ஏறுதான்னு பார்க்கணும். இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா.”

கையில் குளுக்கோஸ் ஏறியது. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, பக்கத்துப் பெட்டியின் வயரை நர்ஸ் அதில் சொருகினாள். பெட்டி கொஞ்சநேரம் வெறுமனே இரைந்தது. பிறகு, மண்ணுக்கடியில் எங்கோ குதிரை ஓடுகிற மாதிரி, டக் டக் டக் டக் என்று வர ஆரம்பித்தது. நர்ஸ் அவர்களை வெளியே அனுப்பிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

நடைபாதை பெஞ்சில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கவின் மருந்து வாங்கப் போயிருந்தான். தெய்வாத்தாள் ஆபரேஷன் செய்த காலை நீட்டி, முழங்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு ஆனைமலையில உன்னைய நெனச்சுத்தான் அரைச்சேன்.”

“தெரியுமுங்க அத்தை.”

“இன்னைக்கு எங்கையாலயே ஊத்திக் குடுத்துப்போட்டேன்.”

சாறு புவனா வைத்தது, ஊற்றியது அவர். உள்ளே நர்ஸ் தெர்மாமீட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது கதவிடுக்கில் தெரிந்தது. பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள்.

தெய்வாத்தாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். மருமகளின் முழங்கையைத் தொட்டார்.

“சத்தம் வருதா அம்மணி?”

புவனா கதவுப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

“வருதுங்க அத்தை.”

சற்று நேரம் கழித்து மறுபடி தொட்டார்.

“இப்ப?”