பத்து விநாடி குளோசப்

1975 கிறிஸ்துமஸ் விடுமுறையில், தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஊர் நல்லேப்பிள்ளி, எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் நெல் வயல்தான். போட்டிக்குக் குறும்படம் எடுத்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி. உறவினரிடம் கெஞ்சி ஒரு சின்ன கேமரா வாங்கினேன். மூன்று ரோல், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், ஊமைப்படம். கதை? தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், வெளியூர் போன கணவனுக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

வகுப்புத் தோழன் ஒருவனின் வீடு அந்த எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்தது. அவன் அக்காதான் கதாநாயகி. அவன் அப்பா பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து வரவேற்றார். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. எனக்கு அது ஒரு நல்ல ஷாட்டாக மட்டுமே பட்டது.

முதல் நாள் தோட்டம், கைகள், கூடை என்று எல்லாம் ஜோராகப் போயிற்று. மறுநாள் வாசலில் அக்காவின் முகத்துக்கு குளோசப். கேமரா வழியாகப் பார்த்தேன், ஏதோ குறைந்தது.

"அக்கா, ஒரு பொட்டு மட்டும் வெச்சுக்குங்க. நெத்தி வெறுமையா இருந்தா, ஊட்டுக்காரர் செத்துட்டாருன்னு நெனச்சுக்குவாங்க."

"வேணுமா தம்பி?"

"கண்டிப்பா வேணுங்க்கா!"

அக்கா தன் தம்பியைப் பார்த்தார். வெயிலை அவர் முகத்துக்குத் திருப்ப வெள்ளை வேட்டியைப் பிடித்து நின்ற அவன், அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிப்போய்ச் சாந்துப்பொட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏட்டி, கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்க!" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். உதடு லேசாக நடுங்கியது.

"அப்படியே இருங்க! பிரமாதம்!" என்று கத்தியபடி பத்து விநாடி எடுத்தேன். நடிப்பென்றால் இதுதான் என்று பூரித்துப்போனேன்.

ரோல்கள் பம்பாய்க்குப் போய்க் கழுவி வர ஒரு மாதமாயிற்று. எங்கள் வீட்டில் தோழனும் நானும் உட்கார்ந்து, கையால் சுற்றும் வியூவரில் பார்த்துப் பார்த்து, பிளேடால் வெட்டி டேப்பால் ஒட்டினோம். குளோசப் வந்ததும் நான் துள்ளினேன். "இந்த ஒரு ஷாட்டுக்கே பரிசுடா! எஸ்டேட்லயும் போட்டுக் காட்டோணும்."

அவன் சுற்றுவதை நிறுத்தினான். "அங்க வேணாம்ல. அக்கா சர்ச்சுல சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமைப் பாடம் எடுக்கா. எங்க சபையில பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. யாரோ போய்ச் சொல்லி, அவளைக் கூப்பிட்டு விசாரிச்சுட்டாக. இதையும் பாத்தா பாடம் எடுக்க விடமாட்டாக."

"அப்பவே ஏன்டா சொல்லலை?"

"நீ எங்கல கேட்ட? பொட்டில்லேன்னா புருசன் இல்லேன்னு நீயே முடிவு கட்டிட்ட. எங்கம்மா நெத்தியும் வெறும் நெத்திதான். உனக்குச் சாயா போட்டுத் தந்த எங்கப்பா யாருல, ஆவியா?"

சிரிப்பு வந்தது, கூடவே முகம் எரிந்தது.

"அப்புறம் அக்கா எதுக்கு ஒத்துக்கிட்டாங்க?"

"வீட்டுக்கு வந்த பிள்ளை மூஞ்சி வாடிரும்னுதான்."

அந்த குளோசப்பை மறுபடி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் அக்காவின் கை நெற்றிக்கு உயர்ந்துகொண்டிருந்தது. முடி ஒதுக்குகிறார் என்று அன்று நினைத்திருந்தேன். பிளேடை எடுத்து அந்தத் துண்டை அப்படியே வெட்டிவிட்டேன்.

குளோசப் போனதும் கதையும் போயிற்று. "இதில் கத எவிடெ?" என்று கதையைத் தேடினார் நடுவராக வந்த மலையாள ஆசிரியர். பரிசு இல்லை.

பரீட்சை முடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய், தொழிலாளர் மன்றத்தில் ஜன்னல்களைச் சாத்திப் படத்தைப் போட்டேன். அக்காவைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், "டீச்சர் கை! டீச்சர் கை!" என்று கூச்சலிட்டார்கள்.

முடிந்ததும் அக்கா கேட்டார்: "என் மூஞ்சி எங்க தம்பி?"

"வெளிச்சம் சரியில்லீங்க்கா."

"அன்னைக்கு அடிச்ச வெயிலுக்கு எனக்குத் தலைவலியே வந்துட்டுது!" என்று சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. அதை நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீக?" என்றார்.

கண்டுபிடித்திருக்கலாம். பத்து விநாடி முழுக்க அந்த முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! இப்போதெல்லாம் யாராவது எனக்காகச் சம்மதித்தால், உடனே நன்றி சொல்லிவிடுவதில்லை; ஒரு நிமிடம் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன்.